இடக்கைத் தாளம்

ஒருவரைப் பற்றி நான் எழுதிய ஒரு வரி பதினான்கு மாதம் அவரை வதைத்தது. வரி சிறியதுதான். "இந்தப் பாட்டு இவருக்கு மிகவும் பிடிக்கும். போட்டால் தாளம் போடுவார்." எழுதியவள் நான். ஆகவே அதைப் பற்றிச் சொல்லவேண்டியவளும் நான்தான்.

லூயிஷாமில் உள்ள ஒரு கெயார் ஹோமில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். தோர்ண்டன் ஹீத் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். காலை ஏழரைக்கு ஷிப்ட். முதியவர்களை எழுப்பி, கழுவி, உடுத்தி, சாப்பாடு ஊட்டி, மாத்திரை கொடுத்து, அதையெல்லாம் எழுதிவைப்பது என் வேலை. எழுதுவதுதான் பாதி வேலை. ஒவ்வொருவருக்கும் கெயார் பிளான் என்று ஒரு கோப்பு உண்டு. எந்தப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைப்பது, தேநீருக்குச் சீனி எத்தனை கரண்டி, எதைக் கண்டால் பயம், எல்லாம் அதில் இருக்கும். புதிதாக வருகிற கெயாரர் ஆளைப் பார்க்குமுன் கோப்பைத்தான் பார்ப்பார். வாய் பேச முடியாதவர் என்றால், கோப்பு என்ன சொல்கிறதோ அதுதான் அவர்.

அந்த அம்மாவுக்கு வாய் பேச முடியாது. எண்பதைத் தாண்டிய ஆங்கிலேயப் பெண். இதே தென்கிழக்கு லண்டனில் பிறந்து வளர்ந்தவர். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது: "லவ்லி." தேநீர் கொண்டுபோனாலும் லவ்லி, ஊசி போட்டாலும் லவ்லி. தலையையும் எல்லாவற்றுக்கும் ஆட்டுவார். அது அவர் நினைத்துச் சொல்வதல்ல, வாய் தானாகச் சொல்வது என்று டாக்டர் எழுதியிருந்தார். நாங்களும் அதை வாசித்திருந்தோம். ஆனால் ஒருவர் உங்கள் முகத்தைப் பார்த்து "லவ்லி" என்றால், என்னதான் வாசித்திருந்தாலும் மனம் குளிரத்தான் செய்யும்.

அவருக்கு என்ன பிடிக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கணவர் இறந்து வெகு காலம். ஒரே மகன் நியூசிலாந்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் டேப்லெட் திரையில் வந்து சுகம் கேட்பார், தாய் லவ்லி என்பார், ஐந்து நிமிடத்தில் இருவருக்கும் கதை முடிந்துவிடும். அவருக்குப் பிடித்ததாக ஒன்றைக் கண்டுபிடிக்கவேண்டும் என்று எங்களுக்குள் ஒரு போட்டியே இருந்தது. அதில் வெல்லவேண்டும் என்று எனக்கு ஆசை. எனக்கு எதிலும் வெல்லவேண்டும்.

எங்கள் ஹோமில் பொழுதுபோக்குக்குப் பொறுப்பாக ஒரு பெண் இருக்கிறார். நல்ல மனுஷி. முதியவர்களுக்கு ஏற்ற பழைய பாட்டுகள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். ஒரு புதன்கிழமை பகல், எல்லாரையும் முன்ஹாலில் வட்டமாக இருத்தி அதிலிருந்து ஒன்றைப் போட்டார்.

அந்தப் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது பழைய பாட்டல்ல, பழசுபோல வேஷம் போட்ட பாட்டு. நூறு வருடத்துக்கு முன் லண்டனில் மியூசிக் ஹால் என்று மண்டபங்கள் இருந்தன. சனம் குடித்துக்கொண்டும் கதைத்துக்கொண்டும் இருக்க, வைக்கோல் தொப்பியும் கைத்தடியுமாக ஒருவர் மேடைக்கு வந்து பகிடிப் பாட்டுப் பாடுவார். பல்லவி வந்ததும் சபை முழுவதும் சேர்ந்து பாடும். சினிமாவும் ரி.வி.யும் வந்து அதெல்லாம் போய்விட்டது. பிறகு, இந்த அம்மாவெல்லாம் இளம்பெண்ணாக இருந்த காலத்தில், கிட்டார் பிடித்த பொடியன்கள் சிலர் தங்கள் தகப்பன்மாரின் அந்தப் பாட்டுகளுக்கு மரியாதை செய்வதாக, அதே பாணியில் புதிதாக ஒன்று கட்டினார்கள். டிராம் வண்டிக்காரன் ஒருவன் தன் காதலியை ஞாயிற்றுக்கிழமை நடனத்துக்குக் கூப்பிடுவது விஷயம். பெரிய குழல் பூம் பூம் என்று போக, பாடுகிறவர் மூக்கால் பாடுவார். தேய்ந்த இசைத்தட்டின் கரகரப்பைக்கூட வேண்டுமென்றே சேர்த்திருந்தார்கள். நம் சினிமாவில் ஆர்மோனியம் வைத்து, பழைய நாடக மேடைப் பாட்டுப்போல ஒன்று போடுவார்களே, அப்படி. இனிமையான பாட்டு. பாட்டில் ஒரு குற்றமும் இல்லை.

பாட்டுத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் இடக்கை எழும்பித் தொடையில் விழுந்தது. மறுபடி எழும்பியது, விழுந்தது. வாய் "லவ்லி, லவ்லி" என்றது. நான் தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் வாய்ப்பாட்டுப் பழகியவள். சங்கீதப் பரீட்சையில் நாலாம் தரம் வரை சித்தி. ஐந்தாம் தரம் எழுதுமுன் ஊரைவிட்டு வெளிக்கிட வேண்டியதாகிவிட்டது. எங்களுக்கு, பாட்டு நடக்கும்போது ஒரு கை தொடையில் விழுந்தால் அது தாளம். வேறு ஏதாவதாக இருக்கும் என்று நினைக்கவே தோன்றாது. கோயில் கச்சேரியில் முன்வரிசையில் இருப்பவர்களைப் பாருங்கள், தெரியும்.

இடக்கையால் போட்டால் எங்கள் சங்கீத ரீச்சர் பிரம்பை எடுத்துவிடுவா. ஆனால் வலக்கை விழுந்துபோன ஆள் என்ன செய்வார் என்று மன்னித்துவிட்டேன். அடி பாட்டோடு பொருந்தவும் இல்லை. சில இடத்தில் பிந்தியும் சில இடத்தில் முந்தியும் விழுந்தது. அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. தாளம் தொடங்கும் இடத்தில் பாட்டைத் தொடங்காமல் சற்றுத் தள்ளித் தொடங்குவது நம் சங்கீதத்தில் உண்டு. அதைப் பிடித்துத் தாளம் போட நல்ல ஞானம் வேண்டும். இந்த அம்மாவுக்கு எவ்வளவு ஞானம் என்று வியந்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்களே, அந்த முயலை அன்று பிடித்தவள் நான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் பெருமை அடித்தேன். அவர் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்கிறவர். என் பெருமைகளைக் கேட்டுக் கேட்டே காது பழகியவர்.

"இஞ்சேருமப்பா," என்றார், "லண்டனிலை ஒரு வெள்ளைக்காரிக்கு ஆதி தாளம் கண்டுபிடிச்ச முதல் ஆள் நீர்தான். பேப்பரிலை போடச் சொல்லட்டே?"

அடுத்த நாள் அந்த வரியை எழுதினேன். அந்த நாளிலிருந்து அந்த அம்மாவின் அறையில் அந்தப் பாட்டு ஓடத் தொடங்கியது. கழுவும்போது போட்டார்கள். கஞ்சி ஊட்டும்போது போட்டார்கள். முகம் வாடியிருந்தால், பாட்டைப் போடுங்கள், சரியாகிவிடுவார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர்கூட அந்த வரியைக் காட்டி, ஒரு மனிதரை மனிதராகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டை நான் எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று கணக்கில்லை.

ஒருவர் மட்டும் சந்தேகப்பட்டார். என்னோடு அதே மாடியில் வேலை செய்கிற இன்னொரு யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர், அதிகம் கதைக்கமாட்டார். ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் துணிகளை மடித்துக்கொண்டிருக்கும்போது மெல்லச் சொன்னார்.

"அக்கா, எனக்கென்னவோ அவ சந்தோசப்படுற மாதிரித் தெரியேல்லை. அடிக்கேக்கை கண்ணை இறுக்கி மூடுறா."

"ரசிக்கிற ஆக்கள் கண்ணை மூடித்தான் கேப்பினம். உமக்குச் சங்கீதம் தெரியுமே?"

"இல்லை அக்கா."

"பிறகென்ன கதை?"

அவர் துணியை மடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார். நான் அன்று வாயை மூடிக்கொண்டு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்திருந்தால் மீதி ஒன்பது மாதமாவது அவர் தப்பியிருப்பார்.

பேச்சுப் பயிற்சி கொடுப்பவருக்கு முதலிலேயே விண்ணப்பம் போட்டிருந்தோம். வரிசை நீண்டது. பதினான்காம் மாதம் வந்தார், கட்டையாக வெட்டிய நரைமுடியோடு ஒரு பெண். இரண்டு நாள் காலையில் அந்த அறையின் மூலையில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையும் திறக்கவில்லை. எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது.

மூன்றாம் நாள் என்னையும் அந்த இளைய பெண்ணையும் கூப்பிட்டு, பாருங்கள் என்றார். சீனி போடாத தேநீரைக் கொடுத்தார். அந்த அம்மா "லவ்லி" என்று தலையை ஆட்டினார், இடக்கை தொடையில் விழுந்தது. சீனி போட்ட தேநீரைக் கொடுத்தார். "லவ்லி" வந்தது, தலை ஆடியது, கை அசையாமல் கிடந்தது. குளிர்காற்று வர ஜன்னலைத் திறந்தார், கை விழுந்தது. பூட்டினார், கை ஓய்ந்தது. இவருக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியும், என்றார் அந்தப் பெண். வாயும் தலையும் இவர் சொல் கேட்பதில்லை. கைதான் கேட்கிறது.

பிறகு என்னைப் பார்த்து, அந்தப் பாட்டைப் போடுங்கள் என்றார்.

நான்தான் போட்டேன், என் விரலால். கரகரப்புத் தொடங்கியதுமே கை விழுந்தது. நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். கை ஓய்ந்தது. மறுபடி போட்டேன். விழுந்தது. மூன்றாம் முறை அந்த அம்மா கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு அடித்தார். எனக்கு யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

அழுக்குத் துணி போடும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. வெட்கம் வந்தது, உடம்பு முழுக்க. ஏனென்றால் இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. லண்டனுக்கு வருமுன் நான் ஜெர்மனியில் இருந்தவள். அகதி முகாமில் முதல் மாதங்களில் அந்த நாட்டுப் பாஷையில் எனக்கு வந்த ஒரே சொல், நன்றி. சைவச் சாப்பாடு தவிர ஒன்றும் தொடாத வீட்டுப் பிள்ளை நான். சமையலறைப் பெண் தட்டில் இறைச்சியை வைப்பா, நான் நன்றி என்பேன். எனக்கு அது பிடித்திருக்கிறது என்று நினைத்து அடுத்த நாள் பெரிய துண்டாக வைப்பா. அன்புதான். அந்த அன்பைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. அப்படி இருந்தவள்தான் அந்த வரியை எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் திரையில் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். பாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். அம்மா அதைப் பாடிய கிட்டார்க் குழுவின் பைத்தியம், ஆனால் அந்த ஒரு பாட்டு வந்தால் மட்டும் இசைத்தட்டின் ஊசியைத் தூக்கி அடுத்த பாட்டில் வைத்துவிடுவா என்றார். தாத்தாவுக்கு அந்த மாதிரிப் பாட்டுகளில் மோகமாம். ஒவ்வொரு ஞாயிறும் குடிக்கும் கடைக்கு மகளைக் கூட்டிப்போய், கதிரையில் ஏற்றிவைத்துப் பாடச் சொல்வாராம். பாடாவிட்டால் வீட்டில் அடி. பதினேழு வயதில் அம்மா வீட்டைவிட்டுப் போனது அதனால்தான் என்றார். பிறகு சிரிப்பு நின்றது. ஏன் கேட்கிறீர்கள் என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும், ஒன்றையும் குறைக்காமல். அம்மாவுக்கு இசை பிடித்திருக்கிறது என்று நீங்கள் சொன்னபோது, அவவுக்குப் பிடித்த பாட்டைத்தான் போடுகிறீர்கள் என்று நினைத்தேன், கேட்டிருக்கவேண்டும் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இந்தத் தவறின் வேர் எங்கே என்று பிறகு யோசித்தேன். வயது போனவர்களுக்கு எல்லாம் ஒரே வயது என்று நினைத்துவிடுகிறோம். தகப்பன் காலத்துப் பாணியில் கட்டிய பாட்டை மகளுக்குப் பிடித்த பாட்டு என்று கொண்டுபோய்க் கொடுத்தோம். நாளைக்கு என்னையும் இப்படி ஒரு கதிரையில் இருத்தினால், ஒரு நல்ல மனுஷி வந்து என் அப்பா காலத்துப் பக்திப் பாட்டைப் போடுவா. படிக்கிறமாதிரிப் பாசாங்கு செய்து நான் வானொலியில் கேட்ட சினிமாப் பாட்டுகள் யாருக்குத் தெரியப்போகிறது? நானும் நன்றி என்றுதான் சொல்வேன்.

மனேஜர் பெரிதுபடுத்தவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு, "இசை விருப்பம் மாறியிருக்கிறது" என்று போட்டால் போதும் என்றார். மாறவில்லை, ஒருநாளும் விருப்பம் இருக்கவில்லை என்று எழுதுகிறேன் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார், தடுக்கவில்லை.

கணவரிடம் சொன்னபோது அவர் பகிடி விடவில்லை. "விடுமப்பா. நீர் வேணுமெண்டே செய்தனீர்? நல்லதுக்குத்தானே செய்தனீர்."

"நல்லதுக்கெண்டுதான் எல்லாரும் செய்யினம்," என்றேன். "பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கைப் பிடிச்சாலும் பரவாயில்லை. நான் அந்த மனுசியின்ரை தேப்பனை எல்லோ கொண்டுவந்து அறைக்குள்ளை விட்டனான்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். வேறு என்ன செய்வார்?

திங்கட்கிழமை காலை, கழுவுவதற்கு முன், அந்த அம்மாவின் முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். பயிற்சிப் பெண் சொல்லித்தந்திருந்தார்: ஒரு தடவைக்கு ஒரு விஷயம், சின்ன வாக்கியம், பிறகு காத்திருக்கவேண்டும். அந்தப் பாட்டை இனிப் போடமாட்டோம் என்றேன். கை அசையவில்லை. அது பிடிக்கும் என்று எழுதியது நான் என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கும் கை அசையவில்லை. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

நான் தொடர்ந்து உங்களுக்குச் செய்ய வரட்டுமா என்று கேட்டேன்.

"லவ்லி," என்றார். தலை ஆடியது. இடக்கை எழும்பித் தொடையில் விழுந்தது.

சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னும் மெல்ல, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். உண்மையைச் சொன்னால், மன்னிப்புக் கேட்டுவிட்டால் எதிரில் இருப்பவர் இளகியே தீரவேண்டும் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. இரண்டாம் முறை கை இன்னும் பலமாக விழுந்தது.

அறையில் வேறு யாரும் இல்லை. வாய் லவ்லி என்றது, தலை ஆம் என்று ஆடியது. சரியென்றுவிட்டார் என்று நான் வெளியே வந்து சொன்னால் ஒருவரும் சந்தேகப்படப்போவதில்லை. அந்த நினைப்பு எனக்கு வந்தது. வந்து, கொஞ்ச நேரம் நின்றது. கையில் சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணி இருந்தது. அது ஆறும்வரை அங்கேயே இருந்தேன்.

பிறகு எழுந்து போய், அந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கூப்பிட்டேன். இனி நீர்தான் பாக்கவேணும் என்று மட்டும் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கோப்பைத் திறந்து, "நான் இவரைக் கவனிப்பதை இவர் விரும்பவில்லை. இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் தெளிவாகச் சொன்னார்" என்று எழுதி என் பெயரைப் போட்டேன். பத்தொன்பது வருடத்தில் என்னைப் பற்றி அப்படி ஒன்றை நான் எழுதியதில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பெண் வெறும் கிண்ணத்தோடு வெளியே வந்தார். அவர் முகத்தில் ஒரு குத்தலும் இல்லை, நல்ல செய்தி சொல்கிற முகம்தான்.

"அக்கா, இண்டைக்கு அவ கஞ்சி முழுக்கக் குடிச்சிட்டா."

"நல்லது," என்றேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுத ஆசைதான். எனக்கு வயிறு எரிந்தது. பதினான்கு மாதம் நான் ஊட்டியபோது அவர் ஒருநாளும் கிண்ணத்தை முடித்ததில்லை. "பாதி குடித்தார்" என்று ஒவ்வொரு நாளும் என் கையால்தான் எழுதியிருக்கிறேன். ஏன் பாதி என்று ஒரு நாளும் கேட்டதில்லை.